காரின் ரப்பர் மூட்டுகள்

பத்து வயதைத் தாண்டிய ஸ்போர்ட்ஸ் செடானில் எஞ்சினுக்கு முன்பே தளர்ந்துபோவது, சக்கரங்களைப் பிடித்திருக்கும் ஆர்ம்களின் முனையில் உள்ள ரப்பர். மெக்கானிக்குகள் அதைப் ‘புஷ்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். உள்ளே ஓர் உலோகக் குழல், வெளியே இன்னொரு குழல், இரண்டுக்கும் நடுவே இரண்டோடும் ஒட்டிக்கொள்ளும்படி வார்க்கப்பட்ட ரப்பர். உள்ளங்கையில் அடங்கிவிடும் பொருள். வெளிக்குழலை பிரஸ் வைத்து ஆர்மின் துளைக்குள் ஏற்றியிருப்பார்கள். உள்குழல் வழியே போல்ட் போய்க் காரின் சட்டத்தோடு இறுகியிருக்கும். சக்கரம் மேட்டில் ஏறி இறங்கும்போது அந்த இடத்தில் எதுவும் எதன்மேலும் உரசுவதில்லை. நடுவிலிருக்கும் ரப்பர் முறுகிக்கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அது தளர்ந்தால் ஸ்பீட் பிரேக்கரில் ‘டொக்’ என்ற சத்தம், பிரேக் பிடிக்கையில் ஸ்டியரிங்கில் நடுக்கம், டயரின் உள்விளிம்பில் மட்டும் தேய்மானம் என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். மாற்றப் போகும் வேளையில் சிவப்பு, மஞ்சள், நீலம் எனப் பளிச்சென்ற பாலியூரிதேன் புஷ்களை யாராவது பரிந்துரைப்பார்கள்: ரப்பரைவிடக் கடினமானது, ரேஸ் கார் தரத்தில் ஓடும், மறுபடி மாற்றவே வேண்டாம் என்பார்கள். கடினமானதெல்லாம் மேம்பட்டது என்ற இந்த எண்ணத்தை ரப்பரின் இயற்பியலே மறுக்கிறது. ஒவ்வொரு புஷ்ஷும் குறிப்பிட்ட திசையில் குறிப்பிட்ட அளவு விட்டுக்கொடுக்கவென்று அளந்து செய்யப்பட்ட ஸ்பிரிங். அந்த அளவைத் தெரிந்துகொள்ளாமல் இறுக்கத்தைக் கூட்டுவது காரின் ஓட்டத்தைக் கெடுக்கவும் செய்யும்.

முதலில் ரப்பரின் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். அதன் உருவத்தை மாற்றுவது எளிது. கன அளவைக் குறைப்பது ஏறக்குறைய முடியாத காரியம். ஒரு ரப்பர் கட்டியை மேலும் கீழும் எதிரெதிர்த் திசையில் தள்ளிச் சாய்க்கத் தேவைப்படும் விசையோடு ஒப்பிட்டால், நாலாபுறமும் அடைத்துவைத்து அதை நசுக்க ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட விசை வேண்டும். தண்ணீர் நிரப்பிய பலூனைக் கையால் அமுக்கினால் விரலிடுக்கில் பிதுங்குவதுபோல, ஒரு பக்கம் அமுக்கப்பட்ட ரப்பர் வேறு பக்கம் பிதுங்கியாக வேண்டும். பிதுங்க இடமில்லையென்றால் அது கல்லாகிவிடும். ஆகவே ஒரே ரப்பரைக் கொண்டு, ஒரே புஷ்ஷில், முறுக்குக்கு மென்மையாகவும் அமுக்கத்துக்கு விறைப்பாகவும் இருக்கும் மூட்டைச் செய்ய முடிகிறது. இரண்டு குழல்களுக்கு நடுவிலுள்ள ரப்பர் படலத்தை மெல்லியதாக்கினால் அமுக்கத்தில் விறைக்கும். முறுக்கில் இளக்கமாகவே இருக்கும். ரப்பரில் இரண்டு பக்கமும் பிறை வடிவில் வெற்றிடம் விட்டு வார்த்தால், அந்தத் திசையில் மட்டும் அது மிருதுவாகும். பல புஷ்களின் விளிம்பில் ஒரு கோடோ அம்புக்குறியோ பொறித்திருப்பார்கள். எந்தத் திசையை முன்னால் வைத்து ஏற்ற வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. தொண்ணூறு பாகை திருப்பி ஏற்றிவிட்டால், புத்தம் புது புஷ் இருந்தும் கார் வேறு காராக நடந்துகொள்ளும்.

திசைக்கொரு குணம் தேவைப்பட்டதற்கு டயரின் வரலாற்றில் ஒரு காரணம் இருக்கிறது. 1946இல் மிஷெலின் நிறுவனம் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ரேடியல் டயரின் சுற்றுப்பட்டை, பழைய டயர்களைவிட விறைப்பானது. வளைவுகளில் நன்றாகப் பிடித்தது, நீண்ட நாள் உழைத்தது. ஆனால் சாலையின் சிறு விளிம்புகள் முன்பின்னாகத் தரும் உதையை அது விழுங்காமல் நேராக ஆர்முக்கே அனுப்பியது. சக்கரம் சில மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்ந்து அந்த உதையை ஏற்க வேண்டும். அதே வேளையில் பக்கவாட்டில் அசையவே கூடாது. அசைந்தால் வளைவில் கார் எங்கே போகிறது என்று சொல்ல முடியாது. ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு வேலையையும் ஒரு துண்டு ரப்பரால் செய்ய முடிந்தது. இதற்கும் ஒரு படி மேலே போனது 1977இல் வெளிவந்த போர்ஷே 928. அக்காலக் கார்கள் பலவற்றில், வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்சக்கரங்களின் முன்முனை வெளிப்பக்கம் விரிந்து, காரின் வால் வீசும். வைசாக் அச்சு என்று பெயர்பெற்ற 928இன் பின்பக்க அமைப்பு, அதே சூழ்நிலையில் சக்கரத்தின் முன்முனை உள்பக்கம் திரும்பும்படி ஆர்ம்களின் நெகிழ்வைப் பயன்படுத்திக்கொண்டது. இளக்கம் இங்கே பாதுகாப்பைத் தந்தது. சொகுசுக்காகவும் செலவு மிச்சத்துக்காகவும்தான் கார் தயாரிப்பாளர்கள் ரப்பர் வைக்கிறார்கள், ஓட்டுவதில் ருசி உள்ளவன் அதைக் கழற்றி எறிய வேண்டும் என்ற வாதத்துக்கு 928 ஒன்றே பதில். மிக வேகமாக ஓட்டப்படும் என்று தெரிந்து செய்யப்பட்ட காரிலேயே இளக்கத்தைக் கணக்குப் போட்டு வைத்தார்கள்.

இனி அந்த ரப்பர் எப்படிச் சாகிறது என்று பார்ப்போம். டயர்க் கடைப் பலகைகளில் ‘வல்கனைசிங்’ என்று எழுதியிருக்கும் வேலையின் மூலம் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்தது. 1844இல் காப்புரிமை பெற்றார். கந்தகம் சேர்த்துச் சூடாக்கும்போது ரப்பரின் நீண்ட மூலக்கூறு இழைகள் ஆங்காங்கே ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் வடிக்கப்படும் அதே இயற்கை ரப்பருக்கு இன்னொரு அருமையான குணமும் உண்டு. கடுமையாக இழுபடும் இடத்தில் அதன் இழைகள் வரிசைகட்டிப் படிகம் போலாகிவிடும். ஒரு கீறல் பரவத் தொடங்கினால் அதன் நுனியில்தான் இழுவிசை மிக அதிகம். அங்கேயே படிகமாகி ரப்பர் தன் கீறலைத் தானே தடுத்து நிறுத்தும். லட்சக்கணக்கான முறை முறுகியும் அது தாக்குப்பிடிப்பதற்கு இதுவே காரணம், புஷ்களில் இயற்கை ரப்பர் இன்றும் கோலோச்சுவதற்கும் இதுவே காரணம். அதன் பலவீனமும் அந்த இழையில்தான் இருக்கிறது. இழையெங்கும் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் வெட்டும். இழுபட்ட ரப்பரில் இழுவைக்குக் குறுக்காக மெல்லிய வெடிப்புகள் தோன்றும். சூடு ஆக்சிஜனேற்றத்தை விரைவுபடுத்தும். எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போய் வலுவிழக்கும். பவர் ஸ்டியரிங் ஆயிலோ எஞ்சின் ஆயிலோ மேலே கசிந்துகொண்டிருக்க, கீழே புதுப் புஷ் மாற்றுவது பணத்தைக் கொட்டுவதற்குச் சமம். வாட்டர் வாஷ் முடித்ததும் அடிப்பாகத்தில் எண்ணெய் தெளிக்கும் வழக்கத்தை ரப்பர் புஷ் உள்ள காரில் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். சத்தம் இரண்டு நாள் அடங்கும். ரப்பரின் ஆயுள் அதற்கு விலையாகப் போகும்.

தளர்ந்த புஷ் செய்யும் கேட்டைக் கணக்கில் பார்த்தால்தான் அதன் அளவு புரியும். 1998இல் வந்த பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் ஈ46 நல்ல எடுத்துக்காட்டு. அதன் ஒவ்வொரு பின்சக்கரத்தையும் நீளவாக்கில் ஒரு ட்ரெய்லிங் ஆர்ம் பிடித்திருக்கிறது. அந்த ஆர்மின் முன்முனையில் ஒரே ஒரு புஷ். சக்கரம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை, அதாவது டோ எனப்படும் கோணத்தை, பெரும்பாலும் அந்த ஒற்றை ரப்பர்தான் காக்கிறது. சக்கரத்திலிருந்து 400 மில்லிமீட்டர் முன்னால் இருக்கும் புஷ் பக்கவாட்டில் 2 மில்லிமீட்டர் அதிகமாக அசைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோணம் கிட்டத்தட்ட 0.29 பாகை மாறும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் தொழிற்சாலை பின்சக்கரங்களுக்கு வைக்கும் டோ அளவே பக்கத்துக்குப் பத்தில் ஒன்றிரண்டு பாகைதான். வைத்த அளவைவிடப் பெரிய பிழை இது. 0.29 பாகை விலகி உருளும் டயர், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 5 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போகிறது. டயரின் உள்விளிம்பு மொட்டையாவது அதனால்தான். வீல் அலைன்மென்ட் செய்தும் நிற்கவில்லை என்று மறுபடி மறுபடி அலைன்மென்டுக்கே போவதில் பயனில்லை. கார் நிற்கும்போது எந்திரம் காட்டும் கோணம் சரியாகத்தான் இருக்கும். சக்கரத்தின்மேல் விசை விழும்போதுதான் புஷ் நழுவுகிறது.

முன்பக்கக் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. 1,500 கிலோ எடையுள்ள காரை 0.9 ஜி அளவுக்குப் பிரேக் பிடித்தால், விசையில் ஏறக்குறைய 70 விழுக்காடு முன்சக்கரங்களுக்குப் போகும் என்று கொண்டால், ஒவ்வொரு முன்டயரும் 4,600 நியூட்டன் அளவுக்குப் பின்னோக்கி இழுக்கப்படுகிறது. 470 கிலோ எடையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதற்கு இது சமம். ஈ46இல் இந்தச் சுமையை லோயர் ஆர்மின் பின்முனையிலுள்ள பெரிய புஷ் ஏற்கிறது. இயற்கை ரப்பர் நீடித்து உழைக்கும். ஆனால் அதிர்வை விழுங்குவதில் அது கெட்டிக்காரத்தனம் காட்டாது, வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே அந்தப் புஷ்ஷின் உள்ளே இரண்டு அறைகளை அமைத்துத் திரவம் நிரப்பியிருக்கிறார்கள். சக்கரம் முன்பின்னாக ஆடும்போது திரவம் ஒரு குறுகலான பாதை வழியே அறைக்கு அறை ஓடி, ஆட்டத்தை அடக்குகிறது. எந்த அலைவெண்ணில் அதிகமாக அடக்க வேண்டும் என்று பாதையின் நீளத்தையும் அகலத்தையும் வைத்தே தீர்மானிக்கிறார்கள். அலைவெண் எங்கிருந்து வருகிறது? 225/45 ஆர்17 டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 14 முறை சுழலும். சக்கரமும் ஆர்மும் சேர்ந்து முன்பின்னாக ஆடுவதற்கான இயல்பான அலைவெண் பல கார்களில் இதே 10 முதல் 20க்குள் விழுகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல, டயரின் சிறு சமநிலைக் குறையோ டிஸ்கின் தடிமனில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு வேறுபாடோ அந்த வேகத்தில் ஊதிப் பெருகும். புஷ் நல்ல நிலையில் இருக்கும்வரை ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. திரவம் கசிந்து வற்றியபின் ஸ்டியரிங் கையில் நடுங்கும். டிஸ்க் கோணிவிட்டது என்று தீர்ப்பு வரும், புது டிஸ்க் ஏறும், சில ஆயிரம் கிலோமீட்டர் நன்றாக இருக்கும், நடுக்கம் திரும்பி வரும். லிஃப்டில் ஏற்றி அந்தப் புஷ்ஷைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று ஒரு நிமிடம் பார்த்தால் இத்தனை செலவும் மிச்சம்.

இப்போது பாலியூரிதேன். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவர் குழுவினரும் உருவாக்கிய வேதியியல் அது. செருப்பு அடிப்பாகம் முதல் மெத்தை நுரை வரை எங்கும் இருக்கிறது. தரமாகச் செய்தால் எண்ணெய்க்கும் ஓசோனுக்கும் இயற்கை ரப்பரைவிட நன்றாகவே ஈடுகொடுக்கும். இதை மறுப்பதற்கில்லை. கடினத்தை ‘ஷோர் ஏ’ என்ற அளவுகோலில் சொல்வார்கள். சாதாரணப் புஷ் ரப்பர் 60 என்றால், விற்பனைக்கு வரும் பாலி புஷ் 80, 90 என்று இருக்கும். மூன்றில் ஒரு பங்கு, பாதிப் பங்கு கூடுதல் என்று தோன்றுகிறதல்லவா? அந்த அளவுகோல் நேர்விகிதத்தில் போவதில்லை. ஏலன் கென்ட் 1958இல் தந்த சமன்பாட்டின்படி, 60லிருந்து 80க்குப் போனால் பொருளின் விறைப்பு இரண்டரை மடங்கு. 90க்குப் போனால் ஏறக்குறைய ஆறு மடங்கு. பெட்டியில் அச்சிட்ட எண் சொல்லாத சேதி இது. இதைவிடப் பெரிய வேறுபாடு வேலைசெய்யும் விதத்தில் உள்ளது. ரப்பர் புஷ் இரண்டு குழலோடும் ஒட்டியிருப்பதால் முறுகுகிறது. பெரும்பாலான பாலி புஷ்கள் எதோடும் ஒட்டுவதில்லை. நடுக்குழல்மேல் வழுக்கிச் சுழல்கின்றன. கிரீஸ் இருக்கும்வரை வழுக்கும். தண்ணீரும் மணலும் புகுந்து கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும், சிக்கிச் சிக்கி நகரும். ஷாக் அப்சார்பர் செய்ய வேண்டிய வேலையில் குறுக்கே நிற்கும்.

ஓர் அச்சில் மட்டும் சுழலும் இடத்தில் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. ஸ்டெபிலைசர் பாரைச் சுற்றியுள்ள டி வடிவப் புஷ் அப்படிப்பட்ட இடம். அங்கே பாலி போடுவதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம்: செலவு குறைவு, வேலை எளிது, வளைவில் சாய்வு தொடங்கும் தருணத்திலேயே பார் இழுத்துப் பிடிக்கும். நேர்மாறான இடம் ஈ46இன் ட்ரெய்லிங் ஆர்ம். சக்கரம் மேலேறும்போது பக்கவாட்டு ஆர்ம்கள் தம் வில்வட்டத்தில் சக்கரத்தை உள்ளே இழுக்கும். ட்ரெய்லிங் ஆர்ம் மேலும் கீழும் ஆடுவதோடு சற்றே சாயவும் முறுகவும் வேண்டியிருக்கும். ரப்பர் அத்தனை திசைக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கும். கடினமான பாலி ஒரு திசையில் சுழல விட்டு, மற்றவற்றில் முரண்டுபிடிக்கும். அந்த முரண்டு எங்காவது போயாக வேண்டும். ஆர்மை வளைக்கும், அல்லது அது பொருத்தப்பட்டிருக்கும் தகட்டை இழுக்கும். ஈ46இல் பின்பக்க சப்ஃபிரேம் பொருந்தும் தரைத்தகடு வெடிப்பது ஏற்கெனவே பரவலாக அறியப்பட்ட கோளாறு. ரப்பர் புஷ் வைத்த கார்களிலேயே அது நேர்கிறது. அப்படிப்பட்ட காரில் ரப்பர் விழுங்கிவந்த உதையைத் தகட்டின் தலையில் கூடுதலாகச் சுமத்துவதற்கு முன் பத்து முறை யோசிக்க வேண்டும்.

ரேஸ் கார்களில் ரப்பரே இல்லையே, கோளமூட்டு வைத்து ஒரு மில்லிமீட்டர்கூட அசையாமல் ஓடுகிறதே என்று கேட்பது நியாயம். கோளமூட்டு பக்கவாட்டில் அசையாது. ஆனால் எல்லாத் திசையிலும் தடையில்லாமல் சுழலும். விறைப்பும் சுதந்திரமும் சேர்ந்தது அது. பாலி புஷ் விறைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு சுதந்திரத்தை விட்டுவிடுகிறது, ஆகவே ரேஸ் காரின் பெயரைச் சொல்லிப் பாலியை நியாயப்படுத்துவது பொருந்தாது. கோளமூட்டின் ஆயுளோ ஓட்டத்துக்கு ஓட்டம் கழற்றிப் பார்க்கப்படும் ஆயுள். மழையும் புழுதியும் தின்று, பள்ளமும் மேடும் இடித்து, ஆண்டுக்கு ஒருமுறைகூட யாரும் எட்டிப் பார்க்காத தினசரிக் காரில் அது சில மாதங்களிலேயே கடகடக்கத் தொடங்கலாம். பாலி நீண்டகாலம் உழைக்கும் என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு. பொருள் சிதையாமல் இருக்கலாம். ஆனால் வழுக்கும் மூட்டு தேயவே செய்யும். ரப்பர் மூட்டில் வழுக்கலே இல்லை. ஈ46இன் முன்புஷ் போன்ற திரவ அறை கொண்ட இடத்தில் வெறும் கட்டியைப் போட்டால், ஸ்டியரிங் கூர்மையாகும் என்பது மெய். நொடிக்கு 14 முறை வரும் அதிர்வை அடக்க அங்கே வைத்திருந்த ஏற்பாடு போய்விட்டது என்பதும் அதே அளவு மெய்.

அகலமான, பிடிப்பு மிகுந்த டயர் போட்டு, மாதமொரு முறை ரேஸ் டிராக்கில் ஓட்டுபவருக்கு இறுக்கம் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. டயர் கூடுதலாகப் பிடித்தால் புஷ்மேல் விழும் சுமையும் கூடும். அதற்கேற்ப விறைப்பைக் கூட்டுவது முறையான பொறியியல். அதை எப்படிச் செய்வது என்பதற்குத் தொழிற்சாலையே வழி காட்டியிருக்கிறது. ஈ46க்குப் பின் வந்த ஈ90, 2007இல் சென்னைக்கு அருகே மறைமலைநகர்ப் பக்கம் தொடங்கிய ஆலையிலும் பொருத்தப்பட்ட கார். அதன் பின்சக்கரத்துக்கு ஐந்து தனித்தனி ஆர்ம்கள். முன்னைப்போல ஒரே புஷ் எல்லாப் பாரத்தையும் சுமக்க வேண்டியதில்லை. அதே உடலில் எட்டு சிலிண்டர் எஞ்சினோடு வந்த எம்3க்குப் பொறியாளர்கள் சில மூட்டுகளை பால் ஜாயின்டாக மாற்றினார்கள், சில இடங்களில் திரவப் புஷ்ஷுக்குப் பதில் இறுக்கமான ரப்பர் வைத்தார்கள், ஆர்ம்களின் அளவையும் சேர்த்தே திருத்தினார்கள். ரப்பரை முற்றாகக் கைவிடவில்லை. எம்3இன் முன் ஆர்ம்கள் பின்சக்கர இழுவை கொண்ட சாதாரண ஈ90இல் அப்படியே பொருந்தும். சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும் கேம்பரையும் சற்றுக் கூட்டித் தரும். பின் சப்ஃபிரேம் புஷ்களையும் எம்3இலிருந்து எடுத்துப் போடும் வழக்கம் உலகெங்கும் உண்டு. சாதாரண ஈ90இல் அந்தப் புஷ்கள் மிக மிருதுவானவை. ஸ்போர்ட்ஸ் செடானுக்கு மேம்பாடு என்று ஒன்று வேண்டுமென்றால் இதுதான் முறை: எந்தத் திசையில் எவ்வளவு இறுக்கம் என்று ஏற்கெனவே கணக்குப் போட்டுச் சோதித்த பாகங்களை ஒரு தொகுப்பாக எடுத்துக்கொள்வது. ஒன்றை மட்டும் பாறையாக்கிவிட்டு அடுத்ததைப் பழைய தளர்ச்சியோடு விட்டால், நெகிழ்வெல்லாம் அந்த மிச்சப் புஷ்ஷில் போய்ச் சேரும்.

தினமும் ஓடும் காருக்கு என் தீர்ப்பு இதைவிட எளியது. அசல் தரத்தில் புது ரப்பர் போடுங்கள். இடமும் வலமும் சேர்த்து மாற்றுங்கள். ஷாக் அப்சார்பர் களைத்திருந்தால் அதையும் அதே வேலையோடு முடியுங்கள். பத்து ஆண்டுத் தளர்ச்சிக்குப் பழகிய கைக்குப் புது ரப்பரே இறுக்கமான மேம்பாடாகத்தான் தெரியும்.

மாற்றும்போது ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். லிஃப்டில் தூக்கிய காரில் சக்கரங்கள் கீழே தொங்கும். 330 மில்லிமீட்டர் நீள ஆர்மின் நுனி 80 மில்லிமீட்டர் தொங்கினால் ஆர்ம் 14 பாகை சாய்ந்திருக்கும். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால் உள்குழல் அங்கேயே பூட்டிக்கொள்ளும். காரைத் தரையில் இறக்கியதும், நின்றுகொண்டிருக்கும்போதே புது ரப்பர் 14 பாகை முறுகிக் கிடக்கும். ஒவ்வொரு மேட்டிலும் அதற்குமேல் முறுகும். ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டிய புஷ் சில மாதங்களில் கிழிவதற்கும், ரப்பர் மட்டம் என்ற அவப்பெயர் வருவதற்கும் இது போதும். காரின் உயரத்தைக் குறைத்திருந்தால் அந்தப் புது உயரத்தில்தான் இறுக்க வேண்டும். ஆகவே வண்டியை ஒப்படைக்கும்போதே மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள்: அண்ணா, போல்ட்டையெல்லாம் முதலில் கையளவு முடுக்கி வையுங்கள், சக்கரங்கள் முழு எடையைத் தாங்கி நிற்கும்போது கடைசி இறுக்கு இறுக்குங்கள், அதற்குப் பிறகு வீல் அலைன்மென்டுக்கு அனுப்புங்கள்.